முதுகு காட்டிய கோட்டு

1987ஆம் ஆண்டு தை மாதத்தில், சேலம் நூல் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த ஊதா வெல்வெட் கோட்டு, பார்க்க வந்த எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றது. அதே வாரத்தில் நூல் விலை ஏறியதால் கடைவீதியில் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருந்தது. கோட்டைப் பற்றிக் கவலைப்பட்டது ஒருத்திதான். அந்த அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் சௌந்திரம்.

உடுப்பை மாட்டும் பொம்மை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால்தான் அவளுடைய சிக்கல் புரியும். தலையும் கையும் இல்லாத மர உடம்பு ஒன்று. அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் மறுமுனை கருங்கல் பலகையில் ஈயம் காய்ச்சி ஊற்றி இறுக்கப்பட்டிருக்கும். அது தானாகத் திரும்ப வழியில்லை. முதல் நாள் காலையில் கோட்டு சுவரைப் பார்த்து நின்றபோது, கூட்டிப் பெருக்கும் பாவாயி தள்ளிவிட்டிருப்பாள் என்று நினைத்துக் கல்லோடு திருப்பி வைத்தாள். மறுநாள் கல் வைத்த இடத்தில் இருந்தது, மர உடம்பும் வாசலைப் பார்த்தே இருந்தது, கோட்டு மட்டும் சுற்றிக்கொண்டு பொத்தான்களைப் பொம்மையின் முதுகுத்தண்டில் வரிசையாக வைத்திருந்தது. பொம்மையையே சுவரைப் பார்த்துத் திருப்பினால் கோட்டு நேராகிவிடும் என்று கணக்குப் போட்டாள். கோட்டு பொம்மைக்கு ஒழுங்காகப் பொருந்தி, சுவரைப் பார்த்துக்கொண்டது. பின்னால் நிலைக்கண்ணாடி வைத்தாள். கண்ணாடி தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும், ஆகவே கோட்டின் முன்பக்கம் அதில் தெரிந்தாக வேண்டும். கண்ணாடியிலும் முதுகுதான் தெரிந்தது. கடைசியில் கூடத்தின் நடுவில் வைத்துச் சுற்றி வரச் சொன்னாள். ஜனங்கள் சுற்றி வந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முதுகு.

நெஞ்சுப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அங்கே சமிக்கியால் தைத்த ஒரு சேவல் தலை இருந்தது. கொண்டை சிவப்பு, கண் மஞ்சள். பம்பாயில் சேவல் கூவும்வரை ஆடுகிற ஓர் இரவு விடுதியின் அடையாளம் அது.

கண்காட்சிக்கு யோசனை சொன்னதும் அவள்தான். ராஜாக்கள் உடுத்தியதும் சாமிக்குச் சாத்தியதும் எல்லா ஊரிலும் இருக்கிறது, நம் பையன்களும் பெண்களும் பத்து வருஷத்துக்கு முன் பெரியவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு உடுத்தியதை யார் சேர்த்து வைப்பது என்று அறங்காவலர் தண்டாயுதபாணியிடம் கேட்டாள். அவர் நூல் மில் முதலாளி. அவரும் எழுபதுகளில் நாய்க்காதுக் காலர் சட்டை போட்டவர் என்பதால் உடனே ஒப்புக்கொண்டார். அவள் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தாள். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பிலிருந்து, சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போட்ட ஒரு வலைக் கவுன் வந்தது. சாயங்கால ரயில் கடக்கும்போது அது மெல்லிய குரலில் முணுமுணுக்கும். கெங்கவல்லிக்காரர் ஒருவர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் எந்த நேரமும் பொழுது சாய்ந்த மாதிரியே இருக்கும். அதைப் போட்டிருந்த காலமெல்லாம் அவர் மத்தியானமே காட்டை விட்டு வீடு திரும்பிவிட்டார். பெல்பாட்டம் மட்டும் ஒரு சுவர் நிறைய இருந்தது. முழங்கால் வரை இறுக்கமாக வெட்டி, அதற்குக் கீழே தையலைப் பிரித்து முக்கோணத் துண்டைச் சேர்த்தால் அகலம் கிடைக்கும். துண்டு பெரிதாகப் பெரிதாக அகலமும் கூடும். மல்லசமுத்திரத்திலிருந்து வந்த ஒன்றை உதறியபோது உள்ளேயிருந்து ஒரு கோழி குஞ்சுகளோடு இறங்கி நடந்து போனது. சௌந்திரம் அதையும் பதிந்துகொண்டு, கோழியை ஊருக்கு அனுப்பி வைத்தாள். இவற்றால் எல்லாம் ஒரு சிரமமும் இல்லை. கோட்டு ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அந்தக் கோட்டு அவளுடைய தம்பி மருதாசலத்துடையது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் நிலமும் கிணறும் உள்ள குடும்பம். அக்காள் கல்லூரிக்குப் போனாள், தம்பி லாரிக்குப் போனான். நாமக்கல் முட்டையைப் பம்பாய்க்குக் கொண்டுபோவது அவன் வேலை. ஒரு பெரிய ஓட்டலின் பின்வாசலில் விடிகாலையில் முட்டை இறக்குவான். அந்த நேரத்துக்குத்தான் உள்ளே ஆட்டம் முடிந்து, வாத்தியக்காரர்கள் வியர்வையோடு வெளியே வந்து ஆம்லெட் சாப்பிடுவார்கள். பாதித் திறந்த சமையலறைக் கதவு வழியாக அவன் சுழலும் கண்ணாடி உருண்டையையும் பளபளக்கும் சட்டைகளையும் நான்கு வருஷம் பார்த்தான். நான்காம் வருஷக் கடைசியில், டிரம் அடிக்கிறவர் தொப்பை போட்டுவிட்டதால் தன் கோட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். அவன் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த உடுப்பு என்று அதை வைத்திருந்து, 1977 ஆவணியில் தன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தான். வேட்டிக்கு மேல் ஊதாக் கோட்டு, நெஞ்சில் சேவல்.

அவர்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவன் கூடப் பிறந்தவளும் சேர்ந்து நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளையின் கக்கத்தில் செருகி, மறு தலைப்பை அவள் கையில் கொடுப்பார்கள். பெண்டாட்டி வந்த பிறகும் இவளை விடமாட்டேன் என்று அவன் சபைக்குச் சொல்வதும், நானும் விடமாட்டேன் என்று இவள் சொல்வதும் அதற்குள் அடக்கம். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. சேலைதான் சொல்லும்.

சௌந்திரத்தின் கணவர் சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவருடைய அதிகாரிகள் இரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். பெண் வீட்டாரும் சிரித்தார்கள். அவர்கள் பிரியமாகச் சிரித்தார்களா கேலியாகச் சிரித்தார்களா என்று சௌந்திரம் நின்று யோசிக்கவில்லை. சடங்கு நடத்துகிற அருமைக்காரரிடம், எல்லோர் காதிலும் விழும்படி, "இந்தக் கூத்தாடிக் கோட்டுப் பக்கத்துல நான் நிக்க மாட்டேனுங்க. கழட்டச் சொல்லுங்க, இல்லீனா வேற ஆளப் பாருங்க" என்றாள்.

மருதாசலம் கழற்றவில்லை. பெரியம்மா மகள் கண்ணாத்தாளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகு அவன் தானாகவே கோட்டைக் கழற்றி, மடித்து, யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடு கக்கத்தில் சேலையை வாங்கிக்கொண்டான். அக்காள் சொன்னபோது கழற்றாதவன் கண்ணாத்தாளுக்காக ஏன் கழற்றினான் என்று யாருக்கும் விளங்கவில்லை. பந்தியில் சௌந்திரம் பரிமாறினாள். அவன் இலையில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அடுத்த வாரம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போனவன் முட்டை லாரியில் மாதத்துக்கு இரண்டு முறை சேலத்தைக் கடந்து போனான், ஒருமுறையும் சூரமங்கலத்துக்குத் திரும்பவில்லை. இப்படி ஒன்பது வருஷம் ஓடியது. அந்த ஒன்பது வருஷமும் சௌந்திரத்தால் எந்தக் கல்யாணத்திலும் இணைச்சீர் நேரத்தில் உட்கார முடிந்ததில்லை. கை கழுவப் போகிற மாதிரி எழுந்து வெளியே போய்விடுவாள்.

கோட்டை அவள் நேரில் கேட்கவில்லை. அவ்வளவு தைரியம் இல்லை. பம்பாய் வண்டி ஓட்டும் வீரன் என்பவரிடம், அருங்காட்சியகத்தில் கேட்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினாள். பழைய செய்தித்தாளில் சுற்றி, காலி முட்டை அட்டைகளுக்கு நடுவே வைத்து வீரன் கொண்டுவந்தார். கொடுத்தபின் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இன்னொண்ணு சொல்லச் சொன்னாருங்க. கோட்டு மியூசியத்துக்குத்தானாமுங்க. அக்காளுக்கு இல்லையாமா."

அவள் தலையாட்டினாள். வாங்கிய கையோடு இன்னொரு தப்பையும் செய்தாள். கோட்டின் கீழே வைத்த அட்டையில், பம்பாய் இரவு விடுதியில் வாத்தியக்காரர் அணிந்தது, கொடுத்தவர் பெயர் வெளியிடப்படவில்லை என்று எழுதினாள். தம்பிக்குச் சங்கடம் வேண்டாம் என்று அதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அந்தக் காரணத்தில் உப்புச் சப்பு இல்லை என்று அவளுக்கே தெரியும். அட்டை வைத்த மறுநாள் காலையில்தான் கோட்டு முதன்முதலாகத் திரும்பியது.

ஆகவே அட்டையைத் திருத்தினால் சரியாகும் என்று நம்பினாள். கொடுத்தவர் மருதாசலம், லாரி ஓட்டுநர் என்று எழுதினாள். தனக்கு அவன் என்ன வேண்டும் என்பதை எழுதவில்லை. கோட்டு அசையவில்லை. கூடம் காலியாக இருந்த ஒரு மத்தியானம் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று, நான் செய்தது தப்புத்தான் சாமி என்று சொல்லிப் பார்த்தாள். கோட்டுக்குக் காது இல்லை. தாழ்வாரத்தில் துடைப்பத்தோடு நின்ற பாவாயிக்கு இருந்தது.

"கோட்டுக்கும் ரோசம் இருக்குமுங்களே" என்றாள் பாவாயி. "எங்கூட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டாலும் இப்படித்தான். செவுத்தப் பாத்துத் திரும்பிக்குவாரு. தப்பு தப்புன்னு நூறு தடவ சொன்னாலும் திரும்ப மாட்டாரு."

"அப்பறம் என்னதான் பண்ணுவ?"

"என்ன பண்ணுனனோ அதத் திருப்பிப் பண்ணோணுமுங்க. சோறு போடாம உட்டனா, சோறு போடோணும். தண்ணி காய வெக்காம உட்டனா, தண்ணி காய வெக்கோணும். வாயில வட சுட்டா அவரு தின்ன மாட்டாரு."

அது சௌந்திரத்துக்குப் புரிந்தது. புரிந்தும் பயனில்லை. அவள் செய்யாமல் விட்டது அந்த நாளில், அந்தச் சபையில் பக்கத்தில் நிற்பது. முடிந்துபோன கல்யாணத்தை மறுபடி நடத்த வழியில்லை.

மாசி பிறக்கும்போது கோயமுத்தூரிலிருந்து மில் சங்கத்துப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. தண்டாயுதபாணி கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோட்டின் முன் நின்றார்.

"ஏனுங்கம்மா, சீட்டு வாங்கீட்டு வாரவங்க முதுகப் பாக்கறதுக்கா வாராங்க?"

அவள் செய்து பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் வருகிறவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "திங்கக்கெழமைக்குள்ள திரும்பீருச்சுன்னா இருக்கட்டுமுங்க. இல்லீனா குடுத்தவங்களுக்கே அனுப்பிச்சுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற எந்தத் துணியைத் திருப்பி அனுப்பினாலும் அது ஒரு பொட்டலம். இதை அனுப்பினால், அக்காள் இரண்டாம் முறையும் சபையில் வைத்து வேண்டாம் என்று சொன்னதாக ஆகும். அதன் பிறகு வீரன் மூலமாகக்கூட ஒரு சொல் வராது. ஞாயிற்றுக்கிழமை வரை கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கள் காலையில் அதைக் கழற்றிப் பொட்டலம் கட்ட மேசைக்குக் கொண்டுபோனாள்.

சமிக்கி தைத்த துணியைப் பொட்டலம் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அப்படியே மடித்தால் சமிக்கிகள் ஒன்றோடொன்று மாட்டி நூல் அறுந்துவிடும். உள்புறத்தை வெளியே திருப்பி, கைகளுக்குள் பழைய மல்துணியைச் சுருட்டித் திணித்துத்தான் மடிக்க வேண்டும். மேசையில் எப்படிப் போட்டாலும் கவிழ்ந்தே கிடந்த கோட்டு, உள்புறம் வெளியே வந்ததும் வீம்பை விட்டுவிட்டுச் சாதாரணத் துணியாகக் கிடந்தது. இடக் கையில் துணியைத் திணித்தாள். வலக் கையில் திணித்தபோது கூடுதலாக ஒரு பிடித் துணி உள்ளே போனது. இரண்டு கையும் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்க, ஒன்றில் எப்படி அதிகம் பிடிக்கும் என்று விரலை விட்டுப் பார்த்தாள்.

வலக் கக்கத்தில் தையலைப் பிரித்து ஒரு துண்டு சேர்த்திருந்தது. டிரம் அடிக்கிறவருக்காக வெட்டிய கோட்டில் கக்கம் இறுக்கமாக இருக்கும். அப்போதுதான் கையைத் தூக்கி அடிக்கும்போது கோட்டு கூடவே மேலே ஏறாது. இடக் கக்கம் அப்படித்தான், பம்பாய்ப் பட்டு நூலில் பொடித் தையலாக இருந்தது. வலப்பக்கத்துத் தையலோ தடித்த பருத்தி நூல், திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தையற்காரர்கள் பயன்படுத்துவது. சேர்த்த துண்டும் ஊர்க் காடாத் துணிதான், ஊதாச் சாயத்தில் முக்கியது. உட்கார எழ வசதிக்காகப் பிரித்திருந்தால் இரண்டு பக்கமும் பிரித்திருப்பார்கள். ஒரு கக்கத்தை மட்டும் அகலப்படுத்த என்ன தேவை? துண்டின் அளவை விரலால் அளந்தாள். நாலாக மடித்த ஒரு சேலைத் தலைப்பு உள்ளே போகலாம். போனபின் நழுவாது.

அவன் கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கோட்டைத் தையற்காரரிடம் கொண்டுபோயிருக்கிறான். கையிலிருந்ததில் உயர்ந்ததைப் போட்டுக்கொண்டு அக்காளுடைய தலைப்பை வாங்க வேண்டும், கக்கம் இறுக்கமாக இருக்கிறதே என்று நின்று யோசித்து, வழி செய்துகொண்டு வந்திருக்கிறான். வேறொருத்தி பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தைக் கொடுக்காமல் கழற்றி வைத்திருக்கிறான். துண்டில் ஒரு மடிப்போ சுருக்கமோ இல்லை. ஒன்பது வருஷமும் அதில் எதுவும் செருகப்படவில்லை.

சௌந்திரம் வெகுநேரம் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பாவாயி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம் எழுந்து கோட்டைத் திரும்பப் பொம்மைக்கு மாட்டினாள். வழக்கம்போல முதுகைக் காட்டியது. கட்டியிருந்த சேலையின் முந்தானையை நாலாக மடித்து வலக் கக்கத்தில் செருகினாள். கோட்டு மெல்ல, படுக்கையில் ஒருவர் புரள்வது போல, கால்வாசி திரும்பி நின்றது. பொத்தான் வரிசையில் ஒன்று தெரிந்தது. உடுத்திய சேலை போதவில்லை என்று புரிந்துகொண்டாள். பாவாயியைக் காவல் வைத்துவிட்டுக் கடைவீதிக்கு ஓடி ஒரு புதுக் கூறைச்சேலை வாங்கி வந்தாள். ஒரு தலைப்பை அதன் கக்கத்தில் செருகி மறு தலைப்பைப் பொம்மையின் கம்பியில் கட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. பாவாயி கையில் கொடுத்தாள். கோட்டு இன்னும் அழுத்தமாகச் சுவரைப் பார்த்தது. "நான் இல்லீங்க சாமி, என்னையக் கோவிச்சுக்காத" என்று பாவாயி தலைப்பை விட்டுவிட்டாள். சௌந்திரம் வாங்கிக்கொண்டாள். கோட்டு முழுதாகத் திரும்பியது. சேவலின் மஞ்சள் கண் அவளை நேராகப் பார்த்தது. அவளால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் தலைப்பை விடவில்லை.

அன்று பகல் கோயமுத்தூர்க்காரர்கள் வந்தபோது காப்பாட்சியர் கோட்டின் பக்கத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இணைச்சீர் தெரிந்த ஊர்க்காரர்கள் ஆகையால் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், தம்பியுங்களா என்றார். ஆமாங்க என்றாள். அட்டையில் விட்டுப்போன வரியையும் அன்றே எழுதிச் சேர்த்தாள்: காப்பாட்சியரின் தம்பி.

முதல் வாரம் நின்றே பிடித்தாள். கால் வீங்கியதும் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்தாலும் கோட்டுக்குச் சம்மதம்தான். தண்டாயுதபாணி ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். கோப்புகளை அங்கேயே கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பெல்பாட்டம் வெட்டும் விதத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தாள். அவள் சாப்பிடப் போகும்போது கோட்டு திரும்பிக்கொள்ளும். வந்து தலைப்பை எடுத்தால் முன்பக்கம் திரும்பும்.

பங்குனியில் ஒரு நாள், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கோட்டின் எதிரே நின்றார். முன்தலை வழுக்கையாகியிருந்தது. டீசல் வாடை அடித்தது. சௌந்திரம் எழப் போனாள். எழுந்தால் தலைப்பு இழுபடும் என்று பாதியில் நின்றாள்.

"கொண்டையில நாலு சமிக்கியக் காணோம்" என்றான் மருதாசலம்.

"வாரப்பவே இல்ல."

"முட்டை அட்டைக்கு நடுவுல வந்தா எப்படி இருக்கும்." அவன் பார்வை சேவலிலிருந்து கக்கத்துக்கும், கக்கத்திலிருந்து சேலை வழியாக அவள் கைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. "கை நோகுதா?"

"நோகுது சாமி."

"நோகட்டும்."

வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் டீயோடு திரும்பி வந்து, ஒன்றை அவளுடைய சும்மா இருந்த கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து மற்றதைக் குடித்தான். அக்கா என்று கூப்பிடவில்லை. சோத்துக்குப் போனா என்ன பண்ணும் என்று கோட்டைக் காட்டிக் கேட்டான். திரும்பிக்கும் என்றாள்.

"திரும்பத்தான் செய்யும்" என்றான்.

அதன்பின் பம்பாய் வண்டி சேலத்தைக் கடக்கும்போதெல்லாம் அருங்காட்சியக வாசலில் ஒரு டீ குடிக்கும் நேரம் நின்று போனது. கண்காட்சி முடிந்து மற்ற துணிகள் அவரவர் ஊருக்குப் போன பிறகும், கோட்டைத் திருப்பிக் கேட்டு ஆள் வரவில்லை. சௌந்திரத்துக்கு வலத் தோள்பட்டை இறங்கிப்போனது. அதற்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவள் இதை முதல் நாளே சொல்லிவிடுவாள்: கூறைச்சேலையின் ஒரு தலைப்பு கோட்டின் வலக் கக்கத்தில் இருக்க வேண்டும், மறு தலைப்பு என் கையில் இருக்க வேண்டும், அப்போது அது முன்பக்கம் பார்த்து நிற்கும்.